இருபத்துநாலுக்குப் பதினாலு

அக்குறணையில் முஹ்ஸின் ஹாஜியாரிடம் மிளகு விற்க வருகிறவர்கள் பேச்சை வளர்ப்பதில்லை. வளர்த்தும் பயனில்லை. "இது பழைய கொடி ஹாஜியார், நாலு நல்ல வெயில் கண்ட சரக்கு" என்று யாராவது தொடங்கினால் அவர் காதைச் சொறிந்துகொண்டே ஈரம் பார்க்கும் மீற்றரை எடுப்பார். ஒரு கைப்பிடி மிளகை அதற்குள் போட்டு மூடியைத் திருகுவார். பதிமூன்றுக்குள் காட்டினால் மூட்டை உள்ளே போகும். தாண்டினால் வந்த வழியே திரும்பும், கொண்டுவந்தது கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் சரி. ஈரம் தேறிய சரக்கை லீற்றர் குவளையில் நிரப்பித் தராசில் வைப்பார். ஐந்நூறு கிராமுக்கு மேலே நின்றால்தான் அவர் முகத்தில் பல் தெரியும்.

"ஈரம் கொறையோணும், எடை கூடோணும். வாயால செல்ற ஒன்டையும் நம்ப ஏலா. நம்பர் மட்டுந்தான் பொய் செல்லாது" என்பார்.

அந்தக் கடையில் முப்பத்தைந்து வருடமாக நடந்த சட்டம் அது. ஆனால் அவர் திருப்பி அனுப்பிய மூட்டைகளில் பாதி, கடையைச் சுற்றிக்கொண்டு பின்படி ஏறி அவருடைய வீட்டுக்குள்ளேயே போனது அவருக்குத் தெரியாது. அவர் மனைவி ஆஸியா உம்மா அவற்றை வாங்கி, மேலே சிலப்பில், கொங்கிறீட் மொட்டைமாடியில், பாய் விரித்துக் கொட்டி, இரண்டு மூன்று வெயில் காட்டி, நல்ல சரக்கோடு சரக்காகக் கடைக்கு இறக்கிவிடுவார். மழைக்காலத்தில் மிளகு பிடுங்குகிற பெண்களுக்கு வெயில் எங்கிருந்து கிடைக்கும்? ஹாஜியார் கீழே மீற்றரை நம்பினார். மேலே உம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரம் இப்படித்தான் நல்லபடியாக ஓடியது.

நவம்பர் மழையில் ஊரை ஒட்டி ஓடும் ஓயா பெருகி, வழக்கம்போலக் கடைத்தெருவுக்குள் வந்துவிட்டது. ஹாஜியார் காலில் செருப்பில்லாமல், முழங்கால் தண்ணீரில் நின்று, ஸ்டோரில் இருந்த மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றினார். குதிகாலில் ஏற்கனவே ஒரு வெடிப்பு. ஸ்டோரில் எலிகள் வேறு. பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டார், கொத்தமல்லி குடித்தார், கடையையும் திறந்தார். கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்று, கல்லாப்பெட்டி மேல் சாய்ந்த பிறகுதான் கண்டிக்குக் கொண்டு போனார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். அன்றைக்கே அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டு, வாயில் குழாய் வைத்து, மெஷினில் மூச்சு விட வைத்தார்கள்.

வீட்டில் ஆண் என்று மிஞ்சியது மருமகன் லாபிர். மகள் ஸுமைராவின் கணவன். கடையில் ஹாஜியாருக்கு வலக்கை. நல்ல பிள்ளைதான், ஒரே ஒரு குறை: எதையும் பாதி கேட்டதுமே முழுவதும் விளங்கிவிடும்.

திங்கட்கிழமை மத்தியானம் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். மாமனாரின் கட்டில் காலடியில் பாய் அகலத்துக்கு ஒரு தாள் இருந்தது. அதில் ஆயிரம் கோடுகள், ஆயிரம் எழுத்துகள். லாபிருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் சிவப்பு மையால் ஆறு என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. எண்ணைக் கண்டதும் அவனுக்கு உயிர் வந்தது.

"மிஸ், இது என்ன நம்பர்?"

அங்கே நின்ற தாதி மதுஷா. ஹந்தானைத் தோட்டத்துப் பெண். கை வேலையை விடாமலே பதில் சொன்னாள்.

"அது ஸ்கோருங்க. நுரையீரல், ரத்தம், ஈரல், இருதயம், மூளை, கிட்னின்னு ஆறு இருக்குல்ல? ஒவ்வொண்ணுக்கும் சைபர்லேருந்து நாலு வரைக்கும் போடுவோம். மொத்தம் இருபத்துநாலு. தெனம் காலைல கூட்டிப் பார்த்து..."

பக்கத்துக் கட்டிலின் மெஷின் கத்தியது. மதுஷா ஓடிவிட்டாள். லாபிருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஆறு பாடம். பாடத்துக்கு நாலு மார்க். மாமா இருபத்துநாலுக்கு ஆறு எடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அவன் அதைச் சொன்னபோது ஆஸியா உம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"மகன், அது கூடினா நல்லதா, கொறைஞ்சா நல்லதா?"

"என்ன மாமி இது? மார்க் கூடினா நல்லதா, கொறைஞ்சா நல்லதா?"

"இல்ல, நம்மட கடையில ரெண்டு ஜாதி நம்பர் ஈக்கிதே. ஈரமென்டா கொறையோணும். எடையென்டா கூடோணும். இது ஈரமா, எடையா?"

"எடை மாமி. சந்தேகமே இல்ல."

குடும்பத்துக்கு ஒரு வட்ஸ்அப் குறூப் இருந்தது. எழுபத்துநாலு பேர். டோஹாவில் இருந்து தெல்தோட்டை வரை. எழுபத்துநாலு பேரும் வியாபாரம். பார்மசி வைத்திருந்த ஒரே ஒரு மச்சான், கல்யாண அழைப்பில் தன் பெயர் விடுபட்டதற்காகக் கோபித்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன்னமே குறூப்பை விட்டுப் போயிருந்தார். அதனால் லாபிர் போட்ட செய்தியைத் திருத்த ஒருவரும் இல்லை. செவ்வாய்க்கிழமை, "மாமா 9/24. மூன்று மார்க் கூடிவிட்டது. துஆ செய்யுங்கள்" என்று போட்டான். கீழே மாஷா அல்லாஹ் குவிந்தது. டோஹாவில் இருந்த ரிஸ்கான், "பாஸ் மார்க் எத்தனை மச்சான்? இருபத்துநாலும் எடுத்தாத்தான் டிஸ்சாஜா?" என்று கேட்டிருந்தான். லாபிர் கொஞ்சம் யோசித்து, பன்னிரண்டு என்று தானே தீர்மானித்து எழுதினான்.

டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்கக்கூடாது. சொன்னார். டொக்டர் சஞ்சீவனி யாழ்ப்பாணத்துப் பெண். களைத்த கண், குறைந்த பேச்சு. தினமும் வாசலுக்கு வந்து, "நிலைமை இன்னும் கடுமைதான். பார்ப்பம்" என்பார். லாபிர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்து உம்மாவுக்கு அதை மொழிபெயர்ப்பான்.

"அவங்கட தொழில் அது மாமி. சரக்கு வாங்க வாற ஆள் எப்பயாச்சும் சரக்கு நல்லதென்டு செல்லீக்கா? பூஞ்சை ஈக்கிது, தூசி ஈக்கிதென்டுதான் செல்லுவான். டொக்டர்மாரும் அப்பிடித்தான். வாயப் பாக்காம நம்பரப் பாக்கோணும். மாமாவே செல்லுவாரே."

ஹாஜியாரின் சட்டம் ஹாஜியாரின் தலைமேலேயே வந்து விழுந்தது இப்படித்தான்.

புதன்கிழமை ஆஸியா உம்மாவின் முறை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் யாஸீன் ஓதிக்கொண்டே வந்தார். உள்ளே போனதும் அவர் தாளைப் பார்க்கவில்லை, மனிதரைப் பார்த்தார். முகம் எலுமிச்சை மஞ்சள். கட்டில் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையில் இரண்டு விரல் உயரத்துக்குப் பிளேன்டீ நிறத்தில் கொஞ்சம். போர்வையை விலக்கினார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, மேலே எழும்பவில்லை.

மிளகைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தால் காய்ந்தது டக்கென்று உடையும். ஈரச் சரக்கு உடையாது, அமுங்கும். அது தெரிய உம்மாவுக்கு மீற்றர் தேவைப்பட்டதில்லை. பிறகுதான் தாளைப் பார்த்தார். சிவப்பு வட்டத்துக்குள் பதினொன்று.

"மகள்" என்று மதுஷாவைக் கூப்பிட்டார். "இந்த நம்பர் கூடினா நல்லதா, கொறைஞ்சா நல்லதா?"

மதுஷா இந்தத் தடவை கை வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கூடினா உறுப்பெல்லாம் மோசமாவுதுன்னு அர்த்தம் அம்மா. ஒடம்பு நல்லாருக்கிற ஆளுக்கு சைபர். நமக்கு சைபர்தான் வேணும்."

"திங்கக்கெழம ஆறு."

"ஆமா அம்மா. ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னைக்கு கிட்னிக்கு டயலிசிஸ் ஆரம்பிக்கிறோம். அது நல்லா புடிச்சா எறங்கும். கும்பிட்டுக்குங்க."

வெளியே லாபிர் டயலிசிஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு உற்சாகமாக நின்றான். "கிட்னி பாடத்துல கொஞ்சம் வீக் போல மாமி. டியூஷன் குடுக்கிறாங்க" என்றான். உம்மா அவன் வாங்கிக்கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வீட்டுக்குப் போனதும் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவது என்று பாலத்து நெரிசலில் முடிவு செய்தார். எப்படித் தொடங்குவது என்றுகூட ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கதவைத் திறந்ததும் ஸுமைரா தெரிந்தாள். மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்காத பிள்ளை. குறூப்பில் பதினொன்று என்று பார்த்துவிட்டு, பருப்பும் கருவாட்டுப் பொரியலும் போட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தாள். விரல் நுனியைச் சூப்பிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"உம்மா! வாப்பாக்குப் பதினொன்டாமே!"

ஆஸியா உம்மா ஒத்திகை பார்த்ததை எல்லாம் விழுங்கினார். "ஓ மகள், பதினொன்டு. இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்றார்.

பிறகு சுளகையும் அரிதட்டையும் எடுத்துக்கொண்டு சிலப்புக்கு ஏறிவிட்டார். மிளகு புடைத்தால் பறக்கிற தூசிக்குக் கண்ணும் மூக்கும் ஓடத்தான் செய்யும். அந்த வீட்டில் அது யாருக்கும் புதினமில்லை. உம்மா மூன்று மூட்டை மிளகைப் புடைத்தார். கீழிருந்து அவர் கணவனுக்கு மூத்த ராத்தா உம்மு குல்சும் குரல் கொடுத்தார். காரியங்களை ஏற்று நடத்துவதற்கென்றே செங்கடகலையில் இருந்து பெட்டியோடு வந்து தங்கியிருந்தவர் அவர்.

"ஊட்டுக்கு நல்ல செய்தி வந்தீக்கிற நேரத்துல என்னத்துக்குப் புள்ள மொளகு பொடைக்கிற?"

"மழ வர முந்தி முடிக்கோணும் மதினி."

"கண்ணெல்லாம் செவந்து போய் ஈக்கிமே!"

"தூசி மதினி."

வியாழக்கிழமை பதினாலு வந்தது. பாஸ் மார்க்கைத் தாண்டி இரண்டு. லாபிர் குறூப்பில் பட்டாசுப் படம் போட்டான். பள்ளிவாசலுக்குச் சொல்லி ஒரு ஆட்டை அறுத்தான். பாதியை ஏழை வீடுகளுக்குக் கொடுத்தான், பாதியில் பிரியாணி போட்டு, வட்டிலப்பத்தோடு இருபது பார்சல் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். டொக்டர் சஞ்சீவனி அவனைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நாங்கள் செய்யக்கூடிய எல்லாம் செய்யிறம். ஆனா நீங்கள் எல்லாத்துக்கும் ஆயத்தமா இருக்கோணும்."

"நாங்க ஆயத்தம் டொக்டர்" என்று லாபிர் முகம் நிறையச் சிரித்தான். "இது உங்களுக்கு. இது மத்தவங்களுக்கு. வட்டிலப்பம் அடியில ஈக்கிது, சாய்க்க வேணாம்."

டொக்டர் பார்சலை வாங்கிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமையும் பதினாலு. "ஸ்டெடி" என்று எழுதினான். வீட்டில் எல்லோரும் பிரியாணி தின்றார்கள், உம்மா மட்டும் தின்னவில்லை. நேர்ச்சை நோன்பு என்று சொல்லிவிட்டார். நோன்பு திறக்கும் நேரத்திலும் ஒரு பேரீச்சம்பழத்தோடு எழுந்துவிட்டார். நல்ல காரியத்துக்கு நோன்பு பிடிக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் புகழ்ந்தார்கள். அந்த இரண்டு நாளும் அவர் பட்டதை யாரிடம் சொல்ல? பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி, சிரிக்கிற வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு நடமாடினார். தொழுகைப் பாயில் மட்டும் ரொம்ப நேரம் இருந்தார். "யா அல்லாஹ், கொறைச்சித் தா. கொறைச்சித் தா" என்று அவர் கேட்டது உம்மு குல்சும் காதில் விழுந்தது. செலவைப் பற்றிக் கவலைப்படுகிறாள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை லாபிர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து கதிரையில் விழுந்தான்.

"மூன்டு மார்க் கொறைஞ்சி போச்சி. பதினொன்டு."

ஸுமைரா "வாப்பா!" என்று கத்தினாள். உம்மு குல்சும் மார்பில் அடித்துக்கொண்டார். ஆஸியா உம்மா அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெய்யாவா மகன்? கொறைஞ்சா?"

"கொறைஞ்சிட்டு மாமி. டொக்டர் கொஞ்சம் முன்னேற்றமென்டு செல்றாங்க. அஞ்சி நாளா நல்லதா ஒரு சொல் செல்லாத பொம்பள இன்டைக்கி வந்து முன்னேற்றமென்டு செல்றாங்க. அப்பவே எனக்கு வெளங்கிட்டு. மனச ஆத்துறாங்க."

உம்மா அடுப்படிக்குள் போனார். கோப்பை நிறையச் சோறு போட்டார். ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றினார். கீழே உட்கார்ந்து தின்னத் தொடங்கினார். ஒரு கோப்பை முடிந்ததும் இன்னொன்று போட்டார். வீடே அழுதுகொண்டு வாசலில் நின்று அவரைப் பார்த்தது.

"அல்லாஹ்வே, இவக்கு மூளை கொழம்பிட்டு" என்றார் உம்மு குல்சும்.

"மதினி, அது ஈரம்" என்றார் உம்மா வாய் நிறையச் சோற்றோடு. "கொறைஞ்சா நல்லது. அந்த மிஸ் எனக்குச் சென்னா. எல்லாரும் ஒக்காந்து தின்னுங்க."

"பார்த்தீங்களா? ஈரமாம்!" என்று உம்மு குல்சும் மற்றவர்களைப் பார்த்தார்.

"மாமி" என்று லாபிர் பக்கத்தில் குந்தினான். குழந்தையிடம் பேசுகிற குரல். "ஆறு நாளா எடையா இருந்தது இன்டைக்கி எப்பிடி ஈரமா மாறும்? மிஸ் உங்கட மொகத்தப் பார்த்துட்டு ஆறுதலுக்குச் சென்னீப்பா."

"ஆறு நாளும் ஈரந்தான் மகன்."

யாரும் நம்பவில்லை. ஆஸியா உம்மாவுக்குத் தாங்காமல் மனம் பேதலித்துவிட்டது என்பதை அன்று மாலைக்குள் தெருவே ஒப்புக்கொண்டது. பெண்கள் வந்து அவர் தலையைத் தடவி ஓதி ஊதிவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு ஒன்பது. இறப்பு வீட்டுக்கென்று பள்ளியில் இருந்து நூறு பிளாஸ்டிக் கதிரைகள் வந்து இறங்கின. முன்னறைத் தளபாடங்களைத் தூக்கிப் பின்னுக்குப் போட்டார்கள். உம்மு குல்சும் அலுமாரியைத் திறந்து, கடைசி நேரத்தில் வாயில் விட ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலைத் தேடி எடுத்தார். பிறகு எல்லோரையும் கூட்டித் தீர்ப்புச் சொன்னார்.

"என்ட தம்பி ஆஸ்பத்திரியில குழாய்க்கு மத்தியில மௌத்தாகக் கூடாது. அவன்ட ஊட்டுல, அவன்ட கட்டில்ல, கலிமா காதுல விழ அவன்ட ரூஹ் போகோணும். நாளைக்கிக் காலையில கொண்டு வாங்க. லாபிர், நீதான் கையெழுத்து."

அது அந்தப் பக்கத்து வழக்கம்தான். கைவிட்ட பிறகு நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஆஸியா உம்மாவுக்கு அப்போதுதான் விபரீதம் விளங்கியது. பதினாலில் சாகாத மனிதரை ஒன்பதில் கொல்லப் போகிறார்கள். அவர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். "பாவம்" என்று உம்மு குல்சும் அவருக்கு இளநீர் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அம்புலன்ஸ் வந்தபோது ஆஸியா உம்மா முன்சீட்டில் ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சந்தைப் பை. இறங்கச் சொன்ன லாபிரை அவர் பார்த்த பார்வைக்கு அவன் பின்னால் போய் ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பைக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டு மிளகுப் பொட்டலங்கள், ஈரம் பார்க்கும் மீற்றர். பிரஷர் பார்க்கிற சாமானா என்று சிங்களத்தில் கேட்டான். அப்படித்தான் என்று உம்மா சொன்னார்.

அன்று காலைத் தாளில் ஏழு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டொக்டர் சஞ்சீவனி வீட்டுக்குக் கொண்டுபோகும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு லாபிரைப் பார்த்தார்.

"எனக்கு விளங்கேல்லை. இப்ப ஏன் இவரை வீட்டை கொண்டு போகப் போறியள்?"

"ஏழுக்கு வந்திட்டுதே டொக்டர். கடைசி நேரத்துல ஊட்டுல ஈக்கட்டும்."

"ஏழுக்கு வந்ததுக்கோ கொண்டு போறியள்? இவர் தேறி வாறார். ரெண்டு நாளையில குழாயைக் கழட்டலாம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்."

லாபிர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "டொக்டர், எங்கட மனசு நோகக்கூடாதென்டு நீங்க இப்பிடிச் செல்றது வெளங்குது. அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான். ஆனா எங்கள ஏமாத்த வேணாம். நாங்க நம்பர் பார்க்கிற ஆக்கள்."

ஆஸியா உம்மா நடுவில் வந்து, பெஞ்சியில் பையை வைத்தார். மீற்றரை எடுத்தார். முதல் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கைப்பிடி போட்டு மூடியைத் திருகினார்.

"வாசி மகன்."

"மாமி, இங்க வெச்சி..."

"வாசி."

"பதினெட்டு."

அதைக் கொட்டிவிட்டு அடுத்த பொட்டலத்தைப் போட்டார்.

"பதினொன்டு" என்றான் லாபிர்.

"எதை வாங்குவ?"

"பதினொன்டைத்தான்."

"பதினெட்டுல ஈந்த சரக்கு காஞ்சி காஞ்சி பதினொன்டுக்கு வந்தா, அதைத் தூக்கி ஆத்துல போடுவியா?" உம்மா டொக்டரின் பக்கம் திரும்பினார். "டொக்டர், வாயால ஒன்டும் செல்ல வேணாம். எங்கட ஆளுக்கு வாய்ப்பேச்சு ஏறாது. அந்தத் தாள்ல ஈக்கிற நம்பர் இந்த மீற்றர்ட ஜாதியா, இல்லையா? அத மட்டும் செல்லுங்க."

டொக்டர் குனிந்து மீற்றரைப் பார்த்தார். பிறகு லாபிரைப் பார்த்தார். ஒரு கிழமைப் புதிர் அவிழ்ந்தது போல அவர் முகம் மாறியது.

"ஓம் அம்மா. இதே சாதிதான். பழுது கூடக் கூட நம்பர் கூடும். சைபருக்குக் கிட்ட வந்தால் சுகம்."

லாபிர் மீற்றரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஆறு, ஒன்பது, பதினொன்று.

"அப்ப பதினாலு? வியாழக்கெழம பதினாலு..."

"அண்டைக்குத்தானே உங்களை இருத்தி வைச்சுச் சொன்னனான், ஆயத்தமா இருங்கோ எண்டு. நீங்கள் சிரிச்சுக்கொண்டு பிரியாணி தந்தியள். இந்தக் குடும்பத்துக்கு என்ன மனத்துணிவு எண்டு நான் எல்லாருக்கும் சொன்னனான்."

"நான் ஆடறுத்தேன்" என்றான் லாபிர். "குறூப்புல பட்டாசு போட்டேன்." பெஞ்சியில் மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்தான். உள்ளே நின்ற மதுஷா கதவு இடுக்கு வழியே எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மறைந்தாள். அம்புலன்ஸ் சாரதி படியேறி வந்து, ஆளை எப்போது ஏற்றுவது என்று விசாரித்தான். ஆஸியா உம்மா அவனிடம், ஆள் வரவில்லை, இன்னும் காயவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

டொக்டர் படிவத்தை இரண்டாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். லாபிர் தலையை நிமிர்த்தினான்.

"மாமி, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"புதன்கெழம."

"புதன்கெழமயா? பதினொன்டு அன்டைக்கேயா? பேந்து ஏன் செல்லல்ல? பதினாலு அன்டைக்கி நாங்க எல்லாம் கூத்தாடினோமே, நீங்க பாத்துக்கிட்டுத்தானே ஈந்தீங்க?"

உம்மா சிந்திக் கிடந்த மிளகை ஒன்றொன்றாகப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஸுமைரா அன்டைக்குத்தான் சோறு தின்டா" என்றார்.

அவனும் குனிந்து மிளகு பொறுக்கினான். மூக்கை உறிஞ்சினான். தூசி என்று சொல்ல வாயெடுத்து, அதையும் சொல்லாமல் விட்டான்.

அன்று மாலை நூறு கதிரைகளும் பள்ளிக்குத் திரும்பின. உம்மு குல்சும் ஸம்ஸம் போத்தலை அலுமாரியில் பழைய இடத்திலேயே வைத்து, தனக்கு ஆரம்பத்தில் இருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். குறூப்பில் லாபிர் ஒரு நீண்ட விளக்கம் எழுதினான். அதை ஒருவரும் முழுதாக வாசிக்கவில்லை. ரிஸ்கான் மட்டும், "அப்ப பாஸ் மார்க் எத்தனை மச்சான்?" என்று மறுபடி கேட்டிருந்தான்.

புதன்கிழமை குழாயைக் கழற்றினார்கள். அடுத்த கிழமை சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். தாளில் சிவப்பு வட்டத்துக்குள் கடைசியாக எழுதியிருந்தது இரண்டு. ஹாஜியார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக மெலிந்திருந்தார், தொண்டை கரகரத்தது. ஆனால் கடையில் மிளகு என்ன நிலவரம் என்று கேட்டு முடித்திருந்தார். லாபிர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தது எல்லாவற்றையும் ஒப்பித்தான். ஆட்டைப் பற்றி, கதிரைகளைப் பற்றி, அம்புலன்ஸைப் பற்றி. ஸுமைரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஆஸியா உம்மா கோப்பையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. ஒரு வியாபாரியின் முகத்தோடு யோசித்தார்.

"கூடினது எத்தனைக்கிப் போச்சி?"

"பதினாலு" என்றார் உம்மா.

"பதினாலா?" அவர் உதட்டைப் பிதுக்கினார். "பதினாலு ஈரமென்டா நான் கடைப்படி ஏத்த மாட்டேனே. வந்த வழிக்கே திருப்பி அனுப்பீப்பேன்."

"நீங்க திருப்பி அனுப்பினதெல்லாம் இவ்வளவு காலமும் எங்க போச்சென்டு நெனச்சீங்க?"

ஹாஜியார் மனைவியைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்து மழைக்காலங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறவர் போல அவர் நெற்றி சுருங்கியது. என்னவோ கேட்க வாயைத் திறந்தார்.

"வாய அப்பிடியே வெச்சிக்கிங்க" என்று சொல்லிவிட்டு, ஆஸியா உம்மா முதல் கரண்டிக் கஞ்சியை ஊட்டினார்.